ஒரு சுரப்பியின் வேலையை ஒரு வீடே செய்யும்போது

பத்து வயதுப் பிள்ளைக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்ததும் பார்க்க வரும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ரொம்ப இனிப்பு குடுத்துப் பழக்கிட்டீங்களோ?" என்பதாக இருக்கும். அடுத்தது, "இது அப்பா வழியா, அம்மா வழியா?" சுற்றி வளைத்து இரண்டும் தாயின் தலையில்தான் வந்து விழும். மருத்துவம் இந்த இரண்டு கேள்விகளையும் எப்போதோ தள்ளுபடி செய்துவிட்டது. குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் டைப் 1 எனப்படும் முதல் வகை நீரிழிவு. இனிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் வீட்டில் வேறு யாருக்கும் அந்த வகை நோய் இருப்பதும் இல்லை.

நடப்பது இதுதான். கணையத்துக்குள் திட்டுத்திட்டாகச் சில செல் கூட்டங்கள் உண்டு. 1869-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவ மாணவர் நுண்ணோக்கியில் கண்டு எழுதியதால் அவை அவர் பெயரையே பெற்றன. அந்தத் திட்டுகளில் உள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், இந்தச் செல்களையே எதிரியென்று எண்ணி அழிக்கத் தொடங்குவதுதான் டைப் 1. அழிவு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும். செல்களில் பெரும்பகுதி போன பிறகே அறிகுறிகள் வெளியே தெரியும். அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், நன்றாகச் சாப்பிட்டும் உடல் மெலிவது, படுக்கையை நனைப்பதை விட்டிருந்த பிள்ளை மறுபடியும் நனைப்பது, சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்ப்பது. இவற்றைக் கவனிக்கத் தவறினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் சேர்ந்து, வாந்தியும் வயிற்றுவலியும் மூச்சிரைப்புமாகக் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்ச் சேரும். வயிற்றுக் கோளாறு, மூச்சுத் தொந்தரவு என்று நினைத்து வேறு வைத்தியம் பார்த்துக் காலம் கடத்துவது இப்போதும் நடக்கிறது. விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தால் ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடக்கூடிய உண்மை அது.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021-ம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் 19 வயது வரையிலான சுமார் 12 லட்சம் பேருக்கு டைப் 1 இருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய 2.3 லட்சம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள்.

ஊசி தந்த ஆயுள்

நூறு ஆண்டுகளுக்கும் சற்று முன்னால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. நீண்டகால விளைவு என்று பேச, பிள்ளை நீண்ட காலம் இருக்க வேண்டுமே! இன்சுலின் வருவதற்கு முன்பு மருத்துவர்கள் கையில் இருந்தது பட்டினி வைத்தியம் ஒன்றுதான். மாவுச்சத்தைக் குறைத்து, பிறகு எல்லா உணவையும் குறைத்து, சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ உயிரை இழுத்துப் பிடிப்பார்கள். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. பிரெடரிக் பாண்டிங், சார்லஸ் பெஸ்ட், ஜேம்ஸ் காலிப், ஜான் மக்லியோட் ஆகியோரின் உழைப்பு அது. அந்த ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்க வெளியுறவுச் செயலர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத், பட்டினியால் சுமார் 20 கிலோவாக வற்றிய உடலுடன் பாண்டிங்கிடம் வந்தார். அப்போது அவருக்கு வயது 14. ஊசி போட ஆரம்பித்த சில வாரங்களிலேயே உடல் தேறியது. படித்து, திருமணம் செய்து, மூன்று பிள்ளைகளைப் பெற்று, 1981-ல் தமது 73-வது வயதில் காலமானார். அதற்குள் அவர் போட்டுக்கொண்ட ஊசிகள் சுமார் 42,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

எலிசபெத்தின் வாழ்வில் இன்னொரு செய்தியும் உண்டு. தமக்கு நீரிழிவு இருப்பதை அவர் வாழ்நாள் முழுக்க மறைத்தே வைத்திருந்தார். உலகத்துக்கே தெரிந்த நோயாளியாக இருந்தவர், மிக நெருங்கிய சிலரைத் தவிர யாரிடமும் அதைப் பேசவில்லை. உடலைக் காப்பாற்றும் மருந்து கிடைத்துவிட்டது. அந்த நோயோடு நாலு பேர் நடுவில் வாழ்வதற்கான மருந்து அப்போதும் கிடைக்கவில்லை. நீண்டகால விளைவுகள் என்றால் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உடல் மறப்பதில்லை

ரத்தத்தில் சர்க்கரை அளவு ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருந்தால் முதலில் அடிவாங்குவது நுண்ணிய ரத்தக் குழாய்கள். விழித்திரையில் கசிவு, சிறுநீரகத்தில் புரத ஒழுக்கு, கால் நரம்புகளில் மரமரப்பு என்று சேதம் வெளிப்படும். பிறகு இதயமும் மூளையும் சார்ந்த பெரிய குழாய்கள். குழந்தையாக இருக்கும்போது இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எட்டு வயதில் நோய் வந்த பிள்ளைக்கு இருபத்தைந்து, முப்பது வயதில்தான் கணக்கு வந்து சேரும்.

இதைத் தெளிவாக நிறுவியது, அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 பேரிடம் நடந்த டிசிசிடி என்ற ஆய்வு. 13 முதல் 39 வயது வரையிலான டைப் 1 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அன்றைய வழக்கப்படி நாளுக்கு ஒன்றிரண்டு ஊசி. மற்றதற்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை. நாளுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஊசி, இல்லையென்றால் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப். ஹெச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை. முதல் குழுவில் அது 9 சதவீதத்தை ஒட்டியும், இரண்டாவதில் 7 சதவீதத்தை ஒட்டியும் இருந்தது. விளைவு என்ன? கண் பாதிப்பு வரும் அபாயம் 76 சதவீதமும், நரம்பு பாதிப்பு 60 சதவீதமும், சிறுநீரக பாதிப்பு 50 சதவீதமும் இரண்டாவது குழுவில் குறைந்தன. அதற்கு ஒரு விலையும் இருந்தது. சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துபோகும் நிகழ்வுகள் அந்தக் குழுவில் ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஆய்வு முடிந்த பிறகு நடந்ததுதான் இன்னும் வியப்பு. எல்லோருக்கும் தீவிர சிகிச்சை சொல்லித்தரப்பட்டது. சில ஆண்டுகளில் இரண்டு குழுவினரின் ஹெச்பிஏ1சியும் 8 சதவீதத்தை ஒட்டி ஒன்றாகிவிட்டது. ஆனால் பழைய வேறுபாடு மறையவில்லை. தொடக்க ஆண்டுகளில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்கு, அதன் பிறகும் பல ஆண்டுகள் பாதிப்புகள் குறைவாகவே இருந்தன. மாரடைப்பும் பக்கவாதமும்கூடக் குறைவு என்று 2005-ல் வெளியான தொடர் ஆய்வு காட்டியது. இதை வளர்சிதை மாற்ற நினைவு என்கிறார்கள். பாலர் வயதிலும் பதின்ம வயதிலும் கிடைக்கும் கவனிப்பு, நடுவயதில் ஈவாகத் திரும்பி வருகிறது. அப்போது விடுபட்டதைப் பிற்பாடு பிடிப்பது கடினம்.

வளரும் உடலுக்கென்றே சில விளைவுகளும் உண்டு. இன்சுலின் போதாத பிள்ளை உயரமாக வளராது. பூப்படைவதும் பருவ மாற்றங்களும் தள்ளிப்போகும். இரு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கும்பிடச் சொன்னால் விரல்கள் ஒட்டாமல் இடைவெளி விழுவது, மூட்டுகள் இறுகுவதன் அடையாளம். தைராய்டு கோளாறும், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயும் கூட வரக்கூடும் என்பதால் அவ்வப்போது அவற்றுக்கும் சோதனை தேவை. மூளையையும் சொல்ல வேண்டும். மிகச் சிறு வயதில் நோய் வந்து, கீட்டோன் நெருக்கடியோ கடுமையான தாழ்சர்க்கரையோ திரும்பத் திரும்ப நேர்ந்தால் கவனம், நினைவு, வேகம் ஆகியவற்றில் சிறு குறைவுகள் ஏற்படலாம். அதற்காக டைப் 1 பிள்ளை படிக்காது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். இன்று மருத்துவர்களாக, பொறியாளர்களாக, விளையாட்டு வீரர்களாக இருப்பவர்களில் டைப் 1 உள்ளவர்கள் ஏராளம்.

ஆயுள் குறித்த இரண்டு கணக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஸ்வீடனின் தேசிய நீரிழிவுப் பதிவேட்டிலிருந்து 27,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2018-ல் வெளியான முடிவு, பத்து வயதுக்கு முன்பே நோய் வந்தவர்களில் பெண்கள் சராசரியாக 17.7 ஆண்டுகளையும் ஆண்கள் 14.2 ஆண்டுகளையும் இழக்கிறார்கள் என்றது. கேட்டதும் வயிற்றைப் பிசையும் எண்கள். ஆனால் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஆய்வைப் பாருங்கள். 1950-க்கும் 1964-க்கும் இடையில் சிறு வயதில் நோய் கண்டறியப்பட்டவர்களின் சராசரி ஆயுள் 53.4 ஆண்டுகள், 1965-க்கும் 1980-க்கும் இடையில் கண்டறியப்பட்டவர்களுக்கு 68.8 ஆண்டுகள். நோய் அதேதான், ஒரு தலைமுறை இடைவெளியில் 15 ஆண்டுகள் கூடிவிட்டன. வீட்டிலேயே சோதிக்கும் கருவியும் மேம்பட்ட கவனிப்பும் வந்ததன் பலன் அது.

இட்லிக்கு எத்தனை யூனிட்?

இந்தக் கவனிப்பை யார் செய்கிறார்கள்? மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் பார்ப்பார். மீதி நேரமெல்லாம் வீடுதான் மருத்துவமனை.

ஒரு காலை உணவை எடுத்துக்கொள்வோம். ஓர் இட்லியில் சுமார் 10 கிராம் மாவுச்சத்து. இந்தப் பிள்ளைக்கு 15 கிராமுக்கு ஒரு யூனிட் இன்சுலின் என்று மருத்துவர் கணக்கிட்டுத் தந்திருக்கிறார் என்றால், மூன்று இட்லிக்கு 2 யூனிட். சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை கூடுதலாக இருந்தால் இன்னும் அரையோ ஒன்றோ சேர்க்க வேண்டும். முதல் பாடவேளையே விளையாட்டு என்றால் குறைக்க வேண்டும். ஊசியைப் போட்ட பிறகு, "எனக்கு ரெண்டு போதும்" என்று பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டால்? பத்து மணிக்குக் கை நடுங்கும், வியர்க்கும், எரிந்து விழும், மயங்கவும் கூடும். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். சாதாரணக் கணையம் இந்தக் கணக்கையெல்லாம் நொடிக்கு நொடி தானே போட்டுக்கொள்கிறது. இந்த வீட்டில் அம்மா போடுகிறார்.

சிரிஞ்சிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட்; அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஒரு மில்லிக்கு 100 யூனிட் கொண்டதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 4 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 10 யூனிட். சிறு குழந்தைக்கு அது உயிராபத்து. மருந்துக் கடையில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடும் ஒரு சின்னப் பொருளை ஒவ்வொரு தடவையும் பார்த்து வாங்கும் விழிப்பும் அந்த வீட்டின் தலையில்தான். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் ஈர மணலோ தண்ணீரோ உள்ள மண்பானைக்குள் குப்பியை வைத்துக் குளிர்ச்சி காப்பார்கள். கோடையில் மின்வெட்டு வந்தால் முதலில் நினைவுக்கு வருவது குப்பிதான்.

இரவும் தப்பாது. தூக்கத்தில் சர்க்கரை தாழ்ந்தால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. ஆகவே இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ அலாரம் வைத்து எழுந்து விரலில் குத்திப் பார்க்கும் பெற்றோர் பலர். பழகிப்போன பிள்ளை கண்ணைத் திறக்காமலே விரலை நீட்டும். அந்தத் தூக்கக் குறைவு ஒரு வாரம், ஒரு மாதம் என்றில்லாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. டைப் 1 குழந்தைகளின் பெற்றோரிடம், குறிப்பாகத் தாய்மாரிடம், பதற்றமும் மனச்சோர்வும் கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் ஒரே குரலில் சொல்வதில் ஆச்சரியமில்லை. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண் வேலையை விடுவது இங்கே சாதாரணம். வருமானம் குறையும் அதே நேரத்தில் செலவு கூடும். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் வீட்டில் சோதிக்கும் பட்டையைப் பல குடும்பங்கள் கைக்காசில்தான் வாங்குகின்றன. ஒரு பட்டை 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், நாளுக்கு நான்கு தடவை சோதித்தால் மாதம் 1,800 ரூபாய். தினக்கூலி வீட்டில் நான்கு சோதனை இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். அந்த ஒன்றுதான் இருபது ஆண்டு கழித்துக் கண்ணிலும் சிறுநீரகத்திலும் தெரியும்.

அண்ணன் தம்பிகளையும் மறக்கக் கூடாது. வீட்டில் மைசூர்பாகு செய்வதை நிறுத்தியதற்கும் சுற்றுலா ரத்தானதற்கும் காரணம் தம்பிதான் என்ற கோபமும், தம்பிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் ஒரே மனதில் இருக்கும். வெளியே சொல்லாத பிள்ளைகளிடம்தான் அது கூடுதல்.

மறைப்பதன் விலை

நம் ஊரில் இந்த நோயை மறைக்கக் காரணங்கள் அதிகம். பெண் குழந்தை என்றால் "நாளைக்குக் கல்யாணம் ஆகணுமே" என்ற கவலை நோய் தெரிந்த அன்றே தொடங்கிவிடுகிறது. அதனால் பள்ளிக்குச் சொல்வதில்லை. பள்ளிக்குத் தெரியாததால் மதிய ஊசி தவறும். இல்லையென்றால் கழிப்பறையில் ஒளிந்து போட வேண்டும். விருந்துக்குப் போன இடத்தில் ஊசி போடாமலே சாப்பிட நேரும். ரகசியம் காப்பதற்காகத் தவறும் ஒவ்வொரு ஊசியும் அந்த மூன்று மாதச் சராசரியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உண்மையில் டைப் 1 உள்ள பெண்கள் திருமணம் செய்து, கருத்தரிப்பதற்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, ஆரோக்கியமான குழந்தைகளைப் பெறுகிறார்கள்.

இதைவிட ஆபத்தானது "முழுசா குணப்படுத்துறோம், ஊசியை நிறுத்துங்க" என்னும் வாக்குறுதி. நோய் கண்டுபிடித்து இன்சுலின் தொடங்கியதும் சிலருக்கு மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் கொஞ்சம் தலைதூக்கும்; சில வாரங்கள், சில மாதங்கள் ஊசித் தேவை வெகுவாகக் குறையும். மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். அந்த நேரத்தில் ஏதாவது கஷாயம் குடித்திருந்தால், நோயைத் தீர்த்தது கஷாயம்தான் என்று தோன்றும். ஊசியை நிறுத்திய குழந்தைகள் சில நாட்களில் கீட்டோன் நெருக்கடியோடு வந்து சேர்கிறார்கள். சிலர் வந்து சேர்வதே இல்லை. டைப் 1-க்கு இன்சுலின் தவிர வேறு வழி இன்று இல்லை. காய்ச்சல் வந்து சாப்பிடாத நாளிலும் அதை அடியோடு நிறுத்தக் கூடாது.

பதின்ம வயது இந்தக் கதையின் கடினமான அத்தியாயம். அந்த வயதில் பெருகும் வளர்ச்சி ஹார்மோனும் பால் ஹார்மோன்களும் இன்சுலினின் வேலையைத் தடுக்கும். அளவைக் கூட்டினாலும் சர்க்கரை ஏறும். அதே வயதில்தான் பிள்ளைக்கு, "எப்பப் பார்த்தாலும் சுகர் எவ்வளவு, சுகர் எவ்வளவுன்னு கேட்காதீங்க" என்ற சலிப்பும் வரும். சோதிக்காமலே நோட்டில் நல்ல எண்ணாக எழுதி வைப்பார்கள். உடல் பருத்துவிடும் என்ற பயத்தில் ஊசியைத் தவிர்க்கும் பெண்பிள்ளைகளும் உண்டு. பெற்றோர் இந்தக் கட்டத்தில் ஒன்று திட்டுகிறார்கள், அல்லது "பெரியவனாயிட்டான், அவனே பார்த்துப்பான்" என்று ஒரேயடியாகக் கைகழுவுகிறார்கள். இரண்டும் சர்க்கரையை ஏற்றும். வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் ஒப்படைத்து, பக்கத்தில் நிற்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான் கட்டுப்பாடு நன்றாக இருக்கிறது. எண்ணைப் பார்த்துக் குற்றம் சொல்லாமல், அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டால் உண்மையான எண் நோட்டில் ஏறும்.

கைகள் கூட வேண்டும்

ஒரே ஒரு தாய் மட்டும் சுமக்கும் வீட்டில் ஏதாவது ஒரு கட்டத்தில் அலுப்பு வந்துவிடும். அந்த அலுப்புக்கும் விழித்திரையின் கசிவுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. எனவே சுமையைப் பங்கிடுவது கருணைச் செயல் மட்டும் அல்ல. அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

சில வாசல்கள் திறந்திருக்கின்றன. நீரிழிவு உள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் தின்பண்டமும் தண்ணீரும் எடுத்துச் செல்ல சிபிஎஸ்இ 2017-ல் அனுமதித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022-ல் டைப் 1-க்கென்றே தனி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. கேரள அரசின் 'மிட்டாய்' திட்டம் இந்தக் குழந்தைகளுக்கு இன்சுலினோடு பிற உபகரணங்களையும் இலவசமாகத் தருகிறது. தோலில் ஒட்டிக்கொண்டு தொடர்ச்சியாகச் சர்க்கரையைக் காட்டும் சென்சாரும், அதைப் பார்த்துத் தானாகவே இன்சுலின் அளவை மாற்றும் பம்பும் வந்துவிட்டன. பெற்றோரின் தூக்கத்தைத் திருப்பித் தரக்கூடிய கருவிகள் அவை. விலைதான் பெரும்பாலானோருக்கு எட்டவில்லை. தமிழ்நாட்டின் ஒவ்வொரு டைப் 1 குழந்தைக்கும் குறைந்தபட்சம் நாளுக்கு நான்கு சோதனைப் பட்டைகள் இலவசமாகக் கிடைப்பதை அரசு உறுதி செய்தாலே, பிற்காலத்தில் டயாலிசிஸுக்கும் கண் அறுவை சிகிச்சைக்கும் ஆகும் செலவு பெருமளவு மிச்சமாகும்.

பள்ளிகள் செய்ய வேண்டியதற்குப் பெரிய செலவு இல்லை. வகுப்பாசிரியருக்கும் விளையாட்டு ஆசிரியருக்கும் தாழ்சர்க்கரையின் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும். மேசை இழுப்பறையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்க வேண்டும். ஊசி போட்டுக்கொள்ளச் சுத்தமான ஓர் இடம் வேண்டும். தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் அந்தப் பிள்ளை அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டாம் என்று ஒரு வரி உத்தரவு போதும்.

உறவில் அப்படி ஒரு குழந்தை இருக்கும் சித்திகளும் மாமாக்களும் மூன்று விஷயங்களைக் கற்றுக்கொண்டால் போதும்: விரலில் குத்திச் சோதிப்பது, சரியான சிரிஞ்சில் சரியான அளவு இழுத்து ஊசி போடுவது, சர்க்கரை தாழ்ந்தால் என்ன கொடுப்பது. கற்றுக்கொண்ட பிறகு, மாதத்தில் ஓர் இரவாவது பிள்ளையை உங்கள் வீட்டில் படுக்க வையுங்கள். அந்தத் தாய் தூங்கட்டும்.